மரச்சாமான் செய்பவர்களின் கூட்டத்துக்குப் போக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட அமெரிக்காவில் கையால் மேசை, நாற்காலி, அலமாரி செய்கிறவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் முக்கியமானது ஃபர்னிச்சர் சொசைட்டியின் மாநாடு. அதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அமெரிக்காவிலோ கனடாவிலோ வேறு வேலை பார்த்துக்கொண்டு கராஜில் மரவேலை செய்யும் தமிழர்கள். இன்னொன்று, தமிழ்நாட்டில் பட்டறை வைத்திருப்பவர்களும் வடிவமைப்பு படிக்கும் மாணவர்களும். இரண்டு பேருக்கும் பயன்படும்படி பதில்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஃபர்னிச்சர் சொசைட்டி என்பது என்ன?

1996-இல் தொடங்கிய, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. முதல் மாநாடு 1997-இல் நியூயார்க் மாநிலத்தின் பர்ச்சேஸ் என்ற ஊரில், அரசுப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நடந்தது. அதன்பின் சவானா, கனடாவின் விக்டோரியா, ஃபிலடெல்ஃபியா, மில்வாக்கி என்று இடம் மாறி மாறி நடந்திருக்கிறது.

அந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்தால், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மரச்சாமான் என்றாலே தொழிற்சாலைச் சரக்கு என்று ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் தனக்கென ஒரு பட்டறை வைத்துக்கொண்டு, தானே வரைந்து, தானே அறுத்து இழைத்து, தானே விற்றவர்கள் ஒரு சிலர்தான். பென்சில்வேனியாவில் வார்ட்டன் எஷெரிக்கும் ஜார்ஜ் நகாஷிமாவும் இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் சாம் மலூஃப். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் வெண்டெல் காசில், பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் சிலை போலச் செதுக்கினார். டென்மார்க்கிலிருந்து வந்த டாகே ஃப்ரிட் கல்லூரிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1975-இல் ஃபைன் உட்வொர்க்கிங் என்ற இதழ் வந்த பிறகு, நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இந்த வேலையில் இறங்கினார்கள்.

ஆனால் இவர்களில் பலருக்கு அக்கம்பக்கத்தில் சக தொழிலாளி என்று யாருமே இல்லை. நம் ஊரில் ஒரு தெருவே தச்சர்களாக இருக்கும். இணைப்பு சரியாக விழவில்லை என்றால் நான்கு வீடு தள்ளிப் போய் பெரியவரைக் கேட்கலாம். அங்கே ஒரு கிராமப்புறக் கொட்டகையில் ஒருவர் தனியாக நாள் முழுக்க வேலை செய்கிறார். அப்படிப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதற்காக ஏற்பட்டதுதான் இந்தக் கூட்டம். எனவே வேடிக்கை பார்ப்பவராகப் போகாதீர்கள், பேச வேண்டிய ஆளாகப் போங்கள். கீழே வரும் பல பதில்களில் இதையேதான் வற்புறுத்தியிருக்கிறேன்.

பெங்களூரு இண்டியாவுட் மாதிரி இருக்குமா?

இருக்காது. இண்டியாவுட்டில் இயந்திரங்கள், பிளைவுட், பிசின், கீல் எல்லாம் அரங்கு அரங்காக இருக்கும். கொள்முதல் செய்பவர்களுக்கானது அது. அமெரிக்காவில் அதற்கு இணை, இரட்டைப்படை ஆண்டுகளில் ஆகஸ்டில் அட்லாண்டாவில் நடக்கும் ஐடபிள்யூஎஃப் என்ற சர்வதேச மரவேலைக் கண்காட்சி. முடிந்த சாமான்களின் மொத்த வியாபாரத்துக்கு வட கரோலினாவில் ஹை பாயின்ட் சந்தை இருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும், வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி.

ஃபர்னிச்சர் சொசைட்டி மாநாட்டில் செய்கிறவர், படிக்கிறவர், சொல்லிக்கொடுக்கிறவர், அருங்காட்சியகக் காரர், சேகரிப்பவர் என்று கலந்து வருவார்கள். மின் இழைப்பான் வாங்கவோ ஏற்றுமதி ஆர்டர் பிடிக்கவோ இங்கே வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நான் தொழில்முறைத் தச்சர் இல்லை. வரலாமா?

தாராளமாக வரலாம். மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் ஒரு முக்காலி செய்பவரும், முப்பது வருடமாக இதிலேயே சாப்பிடுகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே சாதாரணம். உறுப்பினராகச் சேர எந்தத் தகுதித் தேர்வும் கிடையாது. 'நான் சும்மா பொழுதுபோக்குக்குத்தான்' என்று கூச்சத்தோடு அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். என்ன செய்கிறீர்கள், எதில் சிக்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால் பேச்சு தானாக வளரும்.

அங்கே என்னென்ன நடக்கும்?

வழக்கமாக மூன்று நான்கு நாள், கோடையில், பெரும்பாலும் மரவேலைத் துறை உள்ள ஒரு கல்லூரி வளாகத்தில். காலையில் உரைகள், பிறகு ஒரே நேரத்தில் பல அறைகளில் செய்முறை விளக்கங்கள், கலந்துரையாடல்கள். சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பேருந்தில் கூட்டிப் போவதும் உண்டு. உறுப்பினர்களின் வேலைப்பாடுகளுக்கு ஒரு கண்காட்சி, மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. அமைப்புக்கு நிதி திரட்ட ஏலமும் நடத்துவார்கள். உறுப்பினர்கள் தாங்களே செய்த பொருளை அதற்குக் கொடுப்பார்கள்.

செய்முறை விளக்கங்கள் மிகவும் பலதரப்பட்டவை. ஒருவர் ஆவியில் மரத்தை வளைத்துக் காட்டுவார். பக்கத்து அறையில் ஒருவர் வெனீர் என்ற மெல்லிய மரத்தாளை ஒட்டுவார். இன்னொருவர் கணினியில் வரைந்ததை இயந்திரத்தில் வெட்டி, அதை உளியால் முடித்துக் காட்டுவார். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அறைக்கு அறை ஓடாதீர்கள். ஒன்றில் உட்கார்ந்து முடிவு வரை பாருங்கள். விளக்கம் முடிந்து கூட்டம் கலையும்போது, கருவிகளைத் துடைத்து எடுத்து வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் நிதானமாகப் பேசுவார். உளியை என்ன கோணத்தில் தீட்டுகிறார், பசை காய எவ்வளவு நேரம் விடுகிறார், இந்த வேலைக்கு என்ன விலை சொல்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

மாநாட்டின் பெரிய கௌரவம், வாழ்நாள் பங்களிப்புக்காகத் தரப்படும் விருது. சாம் மலூஃப், ஜேம்ஸ் கிரெனோவ், டாகே ஃப்ரிட், வெண்டெல் காசில், ஜூடி மெக்கீ போன்றவர்கள் பெற்றிருக்கிறார்கள். விருது உரைகளை விட்டுவிடாதீர்கள். வயதான ஒருவர் தன் வேலைகளின் படங்களை வரிசையாகக் காட்டி, எது விற்றது, எது விற்கவில்லை, எந்த வருடம் வாடகை கட்டத் திண்டாடினார் என்று சொல்வதைக் கேட்பது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காத கல்வி.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் யாரும் சீக்கிரம் தூங்கப் போவதில்லை. விடுதி முற்றத்தில் பேச்சு நீண்டுகொண்டே போகும். அறையில் போய்ப் படுத்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

நான் செய்த பொருளைக் கொண்டுபோகலாமா? அல்லது படங்கள் போதுமா?

படங்கள் அவசியம். ஆனால் கையில் கொடுத்துக் காட்ட ஏதாவது ஒன்று இருந்தால் அதற்கு இணையே இல்லை. ஒரு சின்னப் பெட்டி, ஒரு இழுப்பறையின் மாதிரி, ஒரு நாற்காலிக் கைப்பிடி, நீங்கள் போட்ட டவ்டெயில் (புறாவால் வடிவ) இணைப்பின் ஒரு துண்டு, எதுவாகவும் இருக்கலாம். மரவேலைக்காரர்கள் எதைப் பார்த்தாலும் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். விரலால் விளிம்பைத் தடவுவார்கள். அதிலிருந்தே கேள்விகள் தொடங்கும். தயங்கித் தயங்கி நாமே அறிமுகம் செய்துகொள்வதை விட, பொருளை மேசையில் வைத்துவிட்டால் அது நமக்காகப் பேசிவிடும்.

கண்காட்சியில் முறையாக வைக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சில கண்காட்சிகளுக்குத் தேர்வுக் குழு உண்டு. கடைசல் வேலை செய்பவராக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்கக் கடைசல்காரர்கள் சங்கம் 1986-இல் தொடங்கியது, தலைமையகம் மினசோட்டாவின் செயின்ட் பாலில். அதன் ஆண்டுக் கருத்தரங்கில் 'உடனடிக் காட்சிக்கூடம்' என்று ஒரு பகுதி உண்டு. பதிவு செய்து வந்தவர் யாராக இருந்தாலும், தேர்வு எதுவும் இல்லாமல் தன் பொருளை அங்கே வைக்கலாம். முதன்முறை வருகிறவர் கடைந்த கிண்ணமும் உலகப் புகழ் பெற்றவரின் கிண்ணமும் பக்கம் பக்கமாக இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாக் கைவினைக் கூட்டங்களிலும் இதைக் கொண்டுவர வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து பொருள் கொண்டுபோகிறவர்கள் ஈரப்பதத்தை மறந்துவிடக் கூடாது. நம் கடலோர ஊர்களில் மரத்துக்குள் ஈரம் 12 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். அமெரிக்க வீடுகளுக்குள் அது 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இங்கே கச்சிதமாக இருக்கும் பெட்டி மூடி, அங்கே குளிரூட்டிய அறையில் சுருங்கி வெடிக்கலாம். அகலப் பலகையைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டாமல், பள்ளத்துக்குள் நகர இடம் விட்டு உட்கார வைத்திருந்தால் தப்பிக்கும். சந்தேகமாக இருந்தால் சிறிய, குறுகலான பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

எந்த மரம், எந்தக் கருவி கொண்டுபோகலாம்?

கருவியை முதலில் சொல்லிவிடுகிறேன். உளி, ரம்பம், இழைப்புளி எதுவும் கைப்பையில் வேண்டாம். எல்லாம் சரக்குப் பெட்டியில், முனைக்கு உறை போட்டு.

மரத்தில் கவனம் இன்னும் அதிகம் தேவை. செம்மரத்தைத் தொடவே தொடாதீர்கள். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் அது இருக்கிறது, இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகவும் தடை. சந்தனக்கட்டைக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஈட்டி அடங்கிய டல்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. சின்னத் துண்டுதானே என்று எடுத்துப் போய் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதை விட, ஈட்டியைத் தவிர்த்துவிடுவது நல்லது. தேக்கு, பலா, பூவரசு, வாகை, வேம்பு போன்றவை இந்தச் சிக்கலில் இல்லை. ஆனாலும் பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, புழுத்துளை இருக்கக் கூடாது. அமெரிக்காவில் இறங்கும்போது சுங்கப் படிவத்தில் மரப்பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

இதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு ஆஷ் என்ற மரம் அங்கே கோடிக்கணக்கில் செத்துப்போனது. அது கூடைக்காரர்களும் நாற்காலி செய்பவர்களும் காலங்காலமாக நம்பியிருந்த, ஆவியில் அழகாக வளையும் மரம். மாநாட்டுக்கு வரும் வயதான நாற்காலிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசினால் குரல் கம்மிவிடும். வெளி நாட்டுக் கட்டைகளை அவர்கள் ஏன் பயத்தோடு பார்க்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

இந்தியாவிலிருந்து வர என்ன விசா?

மாநாட்டில் கலந்துகொள்ள வழக்கமாகத் தொழில் பயணத்துக்கான பி-1 வகை. அதோடு சுற்றுலாவுக்கான பி-2-வும் சேர்ந்தே தரப்படுவதுண்டு. சென்னையின் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், மாநாட்டுத் தேதி அறிவிக்கும் முன்பே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள். இந்த விசாவில் போய் அங்கே கூலிக்கு வேலை செய்யக் கூடாது. ஒரு பட்டறைக்காரர் அன்பாக 'ஒரு வாரம் தங்கி வேலை செய், பணம் தருகிறேன்' என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? குறைக்க வழி உண்டா?

பதிவுக் கட்டணமே சில நூறு டாலர் வரும். மாணவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் சலுகை உண்டு. விடுதி அறை ஓட்டலை விட மலிவு, அதோடு இரவுப் பேச்சும் கிடைக்கும். தன்னார்வலராக வேலை செய்தால் கட்டணம் குறையுமா, மாணவர் உதவித்தொகை இருக்கிறதா என்று பதிவு தொடங்கும்போதே கேளுங்கள். தன்னார்வலர் வேலைக்கு இன்னொரு லாபமும் உண்டு. நாற்காலி அடுக்கினாலும், ஒளிப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனாலும், ஒவ்வொரு பேச்சாளரோடும் பழக ஒரு காரணம் கிடைத்துவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவிலிருந்து இதற்காக மட்டும் விமானச் சீட்டு எடுப்பது பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது என்பதையும் மனசாரச் சொல்ல வேண்டும். ஒரு குறுகிய காலப் பயிற்சியோடு இணைத்துக்கொண்டால் அர்த்தம் இருக்கும். வட கரோலினாவின் பென்லண்ட், மெய்ன் மாநிலத்தின் ஹேஸ்டாக் போன்ற கைவினைப் பள்ளிகளில் கோடை வகுப்புகள் உண்டு, உதவித்தொகையும் உண்டு. அதற்கு பி வகை விசா போதுமா என்று பள்ளியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். இழைப்புளி பிடித்தவர்கள் பேசிக்கொள்ள நிறைய வார்த்தை தேவைப்படாது. கையில் இருக்கும் துண்டைக் காட்டி 'எப்படி?' என்று கேட்டால், எதிரில் இருப்பவர் ஒரு காகிதத்தை இழுத்து வரைந்தே காட்டிவிடுவார். ஒரு சின்னக் குறிப்பேடும் பென்சிலும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுபது வயதுக்காரரையும் அப்படித்தான். நமக்கு வாய் வராது, 'சார்' என்று நழுவிவிடும். அதனால் யாரும் கோபப்படப் போவதில்லை, ஆனால் கொஞ்சம் விலகி நிற்பது போல அவர்களுக்குத் தோன்றும். இரண்டாம் நாளுக்குள் பெயர் சொல்லப் பழகிவிடுங்கள்.

பெண்கள் இந்தத் துறையில் இருக்கிறார்களா? தனியாக வரும் பெண்ணுக்குச் சரியாக இருக்குமா?

இருக்கிறார்கள். ஆனால் அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. வெண்டி மாருயாமா 1980-இல் ரோச்செஸ்டரில் மரச்சாமான் வடிவமைப்பில் முதுகலை முடித்தபோது, அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் இரண்டு பெண்களில் ஒருவர். பிறகு சான் டியேகோவில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்களே, அவர்கள் உடையில் மாட்டியிருந்த அடையாள அட்டைகளைப் போலவே சுமார் 1,20,000 அட்டைகளைப் பலரைச் சேர்த்துக்கொண்டு செய்து, கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டார். மரச்சாமான் செய்பவர் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

2019-இல் ஃபிலடெல்ஃபியாவில் மரவேலை செய்யும் பெண்களின் படைப்புகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. பால்டிமோரில் பெண்களுக்காகவும் பாலின வேறுபாடுகள் கொண்டவர்களுக்காகவும் ஒரு மரவேலைப் பள்ளி தொடங்கப்பட்டது. மாநாட்டில் மேடையிலும் கூடத்திலும் பெண்களைப் பார்ப்பீர்கள். தனியாக வருபவர்கள் வளாக விடுதியில் தங்குவது வசதி. நம் ஊர்க் கல்லூரிகளில் மரவேலை படிக்கும் பெண்கள் இதற்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

படம் எடுக்கலாமா? பார்த்த வடிவத்தை ஊரில் போய்ச் செய்யலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கண்காட்சியில் தொடுவதற்கும் அப்படித்தான். 'தொடாதீர்கள்' என்ற அட்டை இருந்தால், செய்தவர் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். பெரும்பாலும் அவரே இழுப்பறையைத் திறந்து காட்டுவார்.

நுட்பத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்காகத்தான் செய்து காட்டுகிறார்கள். ஒருவருடைய நாற்காலியை அப்படியே அளந்து செய்து விற்பது வேறு விஷயம். சாம் மலூஃபின் ஆடும் நாற்காலியைப் பார்த்து ஆயிரம் பேர் செய்திருக்கிறார்கள். அவர் சாகும்வரை தன் முறைகளை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அதைச் செய்பவர்களில் நேர்மையானவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் விற்பார்கள். நாமும் அந்தப் பக்கமே நிற்போம்.

எனக்குக் கைக்கருவிகள்தான் ஆர்வம். அதற்கென்று கூட்டம் உண்டா?

உண்டு. ஹேண்ட்வொர்க்ஸ் என்ற கூட்டம் அயோவா மாநிலத்தின் அமானாவில் 2013, 2015, 2017, 2023 ஆண்டுகளில் நடந்தது. பட்டறைப் பிடிகருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனம் முன்னின்று நடத்தியது. அனுமதி இலவசம். பழைய கொட்டகைகளுக்குள் இழைப்புளி செய்பவர், ரம்பம் செய்பவர், உளி அடிப்பவர் எல்லாரும் தாங்களே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கருவியை எடுத்து அங்கேயே ஒரு பலகையில் ஓட்டிப் பார்க்கலாம். செய்தவரே பக்கத்தில் நின்று உங்கள் பிடியைத் திருத்துவார்.

அமானா சாதாரண ஊர் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மதக் குழுவினர் 1855-இலிருந்து ஏழு கிராமங்களில் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். 1932 வரை யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. அவர்களுடைய மரச்சாமான் பட்டறை மரபு இன்றும் அங்கே தொடர்கிறது. 2015 கூட்டத்தின்போது பக்கத்து நகரமான சீடர் ரேபிட்ஸில் ஹென்றி ஸ்டட்லியின் கருவிப் பெட்டியைக் காட்சிக்கு வைத்தார்கள். பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், ஒரு சுவர்ப்பெட்டிக்குள் முந்நூறுக்கு நெருக்கமான கருவிகளை, ஒன்றின் இடுக்கில் ஒன்றாக அடக்கி வைத்திருந்தார். அதைப் பார்ப்பதற்காகவே பலர் வந்தார்கள்.

மீண்டும் எப்போது என்பதை நடத்துபவர்களின் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாநாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் ஏதாவது?

கிழக்குக் கடற்கரைப் பக்கம் போகிறீர்கள் என்றால், ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே இரண்டு இடங்கள். ஒன்று, எஷெரிக்கின் வீடும் பட்டறையும். இப்போது அருங்காட்சியகம். கதவுத் தாழ்ப்பாள் முதல் மாடிப்படி வரை அவர் கையால் ஆனது. 1930-இல் அவர் செய்த முறுக்குப் படிக்கட்டின் ஒவ்வொரு படியும் நடுத்தூணிலிருந்து கிளை போல நீண்டு நிற்கும்.

மற்றது நியூ ஹோப் என்ற ஊரில் ஜார்ஜ் நகாஷிமாவின் பட்டறை. தமிழர்கள் இதை விட்டுவிடக் கூடாது. காரணம், நகாஷிமா மரச்சாமான்காரர் ஆன கதையில் புதுச்சேரிக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அவர் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், அங்கே மாசசூசெட்ஸின் எம்ஐடியில் கட்டடக்கலை படித்தவர். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை செய்தபோது, அரவிந்தர் ஆசிரமத்துக்குக் கோல்கொண்டா என்ற விடுதி கட்டும் பொறுப்பு அந்த அலுவலகத்துக்கு வந்தது. 1930-களின் பிற்பகுதியில் நகாஷிமா அதற்காகப் புதுச்சேரி வந்தார். வேலைக்கு வந்தவர் ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார், சம்பளம் வாங்கவில்லை. அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டடத்துக்கான மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார்.

அமெரிக்கா திரும்பிய பிறகு 1942-இல் குடும்பத்தோடு ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரோடு சேர்ந்து, கிடைத்த மரத்தை வைத்து வேலை கற்றார். 1943-இல் ரேமண்டின் உதவியால் வெளியே வந்து நியூ ஹோப்பில் குடியேறினார். பலகையின் இயல்பான ஓரத்தை வெட்டாமல் விடுவதும், வெடிப்பை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பு வைத்து நிறுத்துவதும் அவர் அடையாளம். 1990-இல் மறைந்தார். மகள் மீரா நகாஷிமா பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார்.

மாநாட்டில் யாராவது உங்களிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டால், புதுச்சேரி எங்கள் பக்கம்தான் என்று சொல்லிப் பாருங்கள். மரவேலைக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், நகாஷிமா பேச்சு தொடங்கிவிடும். அமெரிக்கா போக வழியில்லாதவர்கள் கோல்கொண்டாவின் தேக்குச் சட்டக் கதவுகளைத் தேடிப் போகலாம். ஆசிரமத்தின் விடுதியாக அது இன்றும் புழக்கத்தில் இருப்பதால் உள்ளே பார்க்க அனுமதி கேட்க வேண்டும்.

என்ன உடை? காலணி?

சாதாரண உடை போதும். செய்முறை அறைகளுக்குக் கால்விரல் மூடிய காலணி கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்போடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தளர்வான துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்த்த கூந்தல் எதுவும் இயந்திரத்தின் பக்கம் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் நீங்களே கொண்டுபோனால் நல்லது.

அங்கே நான் பேச முடியுமா? என்ன பேசுவது?

முடியும். மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே உரை, செய்முறை விளக்கம் இரண்டுக்கும் முன்மொழிவு கேட்பார்கள். ஒரு பக்க விளக்கமும் தெளிவான சில படங்களும் இருந்தால் போதும். பெரிய பட்டம் எதுவும் வேண்டாம்.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால் 'எங்களிடம் என்ன இருக்கிறது சொல்ல?' என்று பின்வாங்குகிறார்கள். நிறைய இருக்கிறது. இலுப்பையும் வேங்கையும் கொண்டு செய்த கோயில் தேர், அத்தனை பாரத்தையும் தாங்கித் தெருவில் ஆடிக்கொண்டு போகிறது. இறுக்கி ஒட்டிய இணைப்பாக இருந்தால் அந்த ஆட்டத்தில் உடைந்துவிடும். அசைய விட்டுத் தாங்கும் அந்த இணைப்புகளைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசலாம். தஞ்சாவூரில் வீணைக் குடத்தைப் பலாக்கட்டையிலிருந்து குடைந்து எடுக்கும் வேலையைச் செய்து காட்டலாம். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களை நூறு வருடம் கழித்துப் பழுது பார்க்கும் ஆசாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் கையாளும் முறை எங்கும் எழுதப்படவில்லை. ஊஞ்சல் பலகை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கனம், கொக்கியின் இடம், பலகை வளையாமல் அடியில் கொடுக்கும் சட்டம் என்று அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது!

ஆனால் ஆசாரிகளின் வேலையைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால், அவர்களிடம் கேட்டு, அவர்கள் பெயரைத் திரையில் போட்டுப் பேசுங்கள். முடிந்தால் அவர்களையே கூட்டிப் போகப் பாருங்கள். ஆசாரி தமிழில் பேசுவதை நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், வேலையை அவர் செய்து காட்டட்டும். அப்படி ஒரு முன்மொழிவு எழுத உதவி வேண்டும் என்றால், முதலில் மூன்றே மூன்று விஷயங்களைத் தயார் செய்யுங்கள்: வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம், கருவிகளின் பட்டியல், செய்து முடிக்க ஆகும் நேரம்.